காதலா காசா என்று கேட்குமுன் வட்டிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கில நாவல்களில் வரும் கல்யாணங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, ஜேன் ஆஸ்டின் கதைகளில் கடைசியில் காதல் ஜெயிக்கிறது, காசு தோற்கிறது என்று முடித்திருக்கிறது. கதையில் வரும் எண்களையெல்லாம் தாண்டிக் குதித்துப் படித்தால்தான் அந்த முடிவுக்கு வர முடியும். யாருக்கு எவ்வளவு வரவு, அது அசலா வட்டியா, யார் கண்ணை மூடினால் யார் கைக்குப் போகும் என்பதையெல்லாம் ஆஸ்டின் ஒரு கணக்குப்பிள்ளையின் கறாரோடு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அவருடைய காதலர்களை எடைபோடக் கூடாது என்பதே இந்தக் கடிதத்தின் வாதம்.

முதலில் ஒரு வாய்ப்பாடு. ஆண்களைப் பற்றிப் பேச்சு வரும்போது ஆஸ்டினின் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆண்டு வரவைச் சொல்கிறார்கள். பெண்களைப் பற்றிப் பேசும்போது அசலைச் சொல்கிறார்கள். இது பிடிபடாததால்தான், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாயகன் டார்சிக்கு 10,000 பவுண்டு, அவர் தங்கை ஜார்ஜியானாவுக்கு 30,000 பவுண்டு, ஆகவே தங்கைதான் பெரிய பணக்காரி என்று கட்டுரையாளர் எழுத நேர்ந்தது. டார்சியின் 10,000 ஆண்டுதோறும் வருவது. ஜார்ஜியானாவின் 30,000 ஒரே ஒரு தடவை கைக்கு வருவது. 5 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 1,500. அண்ணனின் வரவை அதே வட்டியில் அசலாக்கினால் 2 லட்சம் பவுண்டு. அவருடைய வரவு நிலத்திலிருந்து வருகிறது, நிலம் அவ்வளவு வட்டி தராது என்பதால் சொத்தின் உண்மை மதிப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஆஸ்டின் தன் கணக்கைத் தானே காட்டிக்கொடுக்கிறார். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் (1811) தாயும் மூன்று பெண்களுமாக டாஷ்வுட் குடும்பத்திடம் மிஞ்சுவது 10,000 பவுண்டு. அவர்கள் வாழ்வது ஆண்டுக்கு 500-இல். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் (1813) டார்சியின் நண்பன் பிங்லிக்குத் தகப்பன் விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு லட்சம். ஊரார் சொல்லும் வரவு 4,000 அல்லது 5,000. அப்போது பிரிட்டிஷ் அரசின் கடன் பத்திரங்களில் 3, 4, 5 சதவீதம் என்று பல வகை உண்டு. கடற்படைப் பெயரில் இருந்த 5 சதவீதப் பத்திரத்தில் ஆஸ்டினே தன் எழுத்து வருமானத்தில் 600 பவுண்டு போட்டு வைத்திருந்தார். பெண் கேட்க வரும் பாதிரியார் காலின்ஸ், நாயகி எலிசபெத் பென்னட்டுக்கு என்றைக்காவது கிடைக்கப்போவது 4 சதவீதப் பத்திரத்தில் 1,000 பவுண்டுதான், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகுதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. கல்யாணப் பேச்சில் இதைவிட அசிங்கமான வாக்கியம் கிடைப்பது அரிது. கணக்கில் மட்டும் பிழை இல்லை.

இந்தத் தொகைகளை இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வேலைக்காரர் கூலி, துணி, வீட்டு வாடகை எல்லாம் ஒரே விகிதத்தில் ஏறவில்லை என்பதால் எந்தப் பெருக்கலும் ஏமாற்றும். நாவலுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. 500-இல் வாழும் டாஷ்வுட் பெண்களுக்கு இரண்டு வேலைக்காரிகளும் ஒரு வேலைக்காரனும் உண்டு, வண்டியை விற்றாயிற்று. 2,000 வரவுள்ள எலிசபெத்தின் அப்பா பென்னட் வீட்டில் வண்டி இருக்கிறது, ஆனால் குதிரைகள் வயல் வேலைக்கும் தேவைப்படுவதால் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. மூத்தவள் ஜேன் மழையில் நனைந்து குதிரை மேல் பிங்லி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து காய்ச்சலில் படுப்பது அதனால்தான். டார்சியின் 10,000 என்ன செய்யும் என்பது இந்தப் படிகளைப் பார்த்த பிறகுதான் புரியும்.

'ஏழைப் பெண் எலிசபெத்' என்று கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவள் ஏழை அல்ல. வரப்போகும் ஏழ்மைதான் கதை. லாங்போர்ன் பண்ணையில் பென்னட்டுக்கு ஆயுள்கால அனுபவ பாத்தியதை மட்டுமே உண்டு. ஆண் வாரிசு இல்லாவிட்டால் தூரத்துப் பங்காளியான காலின்ஸுக்குப் போக வேண்டும் என்பது குடும்பப் பத்திரத்தின் ஷரத்து. பெண்ணுக்குச் சொத்து போகக்கூடாது என்று இங்கிலாந்துச் சட்டமே சொன்னது என்று பலர் எழுதுகிறார்கள். தங்கள் கட்டுரையும் அப்படியே. அது தவறு. டார்சியின் அம்மாவுடைய சகோதரி லேடி கேத்தரினின் ரோஸிங்ஸ் பண்ணை அவள் மகளுக்குத்தான் போகிறது; தங்கள் குடும்பத்தில் இப்படியொரு ஷரத்து தேவைப்படவில்லை என்று அவளே எலிசபெத்திடம் பெருமையடிக்கிறாள். குடும்பத்துக்குக் குடும்பம் பத்திரம் வேறு, அவ்வளவுதான்.

இந்த ஷரத்தை உடைக்கவும் வழி இருந்தது. மகன் பிறந்து 21 வயது ஆனதும் அப்பாவும் மகனும் சேர்ந்து கையெழுத்திட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். பென்னட் நம்பியிருந்தது அதைத்தான். மகன் பிறப்பான், எல்லாம் சரியாகும் என்று ஒரு காசு சேர்த்து வைக்கவில்லை. அடுத்தடுத்து ஐந்து பெண்கள் பிறந்தார்கள். கடைசிப் பெண் பிறந்து பல வருஷம் ஆன பிறகும் அவர் மனைவி மகன் பிறப்பான் என்று உறுதியாக இருந்தாளாம். நம்பிக்கை விட்டுப்போனபோது சேமிக்கக் காலம் கடந்திருந்தது. கல்யாண ஒப்பந்தத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமாக எழுதி வைத்த 5,000 பவுண்டு மட்டுமே மிச்சம். அவர் இறந்த மறுநாள் வீடும் போய்விடும். ஆறு பெண்கள் ஆண்டுக்கு 200 அல்லது 250 பவுண்டில் வாழ வேண்டும். பென்னட் அம்மாளின் புலம்பலைச் சிரிப்புக்காகவே எழுதியிருக்கிறார் ஆஸ்டின், சரி. ஆனால் அந்த வீட்டில் கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

வேலைக்குப் போகலாமே என்றால், அந்த வகுப்புப் பெண்ணுக்குப் பெரிய வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலையைத் தவிர வேறு கௌரவமான வழி இல்லை. 'எம்மா'வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் அந்த வேலையை அடிமை வியாபாரத்தோடு ஒப்பிடும் அளவுக்கு அது கசக்கிறது.

இப்போது செட்டில்மென்ட் பத்திரம். நம் ஊர் வரதட்சணையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பாதி விஷயம் தவறிப்போகிறது. தாலிக்கு ஈடாக மோதிரம் விரலில் ஏறியதும் பெண்ணின் ரொக்கம் முழுவதும் சட்டப்படி கணவனுடையது. அவன் சூதாடித் தொலைத்தால் கேட்க முடியாது. மனைவியின் சம்பாத்தியமும் சொத்தும் அவளுடையதே என்ற சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. அதற்கு முன் ஒரே பாதுகாப்பு, கல்யாணத்துக்கு முன்பே எழுதும் பத்திரம். அதில் பல பகுதிகள் உண்டு. பெண் கொண்டுவரும் அசல் டிரஸ்டிகள் பெயரில் போகும். அவளுடைய கைச்செலவுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று குறிப்பிடப்படும். கணவன் முந்திக்கொண்டால் விதவைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அவன் சொத்தின் மேல் பொறுப்பு ஏற்றப்படும். பிறக்கப்போகும் பிள்ளைகளின் பங்கும் எழுதப்படும். ஆக, பெண் வீட்டார் பணம் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டாரும் பதிலுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

இதில் கோளாறு வரும் இடம் ஓடிப்போகும் கல்யாணம். பத்திரம் இல்லாமல் ஓடினால் எல்லாப் பாதுகாப்பும் போயிற்று. மாப்பிள்ளையிடம் பேரம் பேச அப்புறம் எதுவும் இல்லை. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் வேஷதாரி விக்கம், 15 வயது ஜார்ஜியானாவை அழைத்துக்கொண்டு ஓடத் திட்டமிட்டது அந்த 30,000 பவுண்டு மேல் உள்ள கண்ணால்.

அதே விக்கம் பிறகு எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவோடு ஓடுகிறான். இந்தப் பேரத்தை வரி வரியாகப் பார்ப்பது பலன் தரும். காதல், காசு பற்றி ஆஸ்டின் எழுதியதிலேயே துல்லியமான பக்கங்கள் இவை. லிடியாவுக்கு 16 வயது. 1753-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் லைசென்ஸ் வாங்கிச் செய்யும் கல்யாணம் இங்கிலாந்தில் செல்லாது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் இல்லை. ஓடுகிறவர்கள் எல்லைக்கு அப்பால் கிரெட்னா கிரீனுக்குப் போவது அதனால்தான். இவர்களோ லண்டனில் தங்கிவிட்டார்கள் என்ற தகவல் வந்ததும் குடும்பம் கதிகலங்குகிறது. லண்டனில் தங்கினான் என்றாலே கல்யாணம் செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை என்று அர்த்தம்.

பிறகு பேரம். அப்பாவிடம் கேட்கப்பட்டவை இரண்டு: பெற்றோர் காலத்துக்குப் பிறகு 5,000-இல் லிடியாவுக்குரிய சம பங்கை, அதாவது 1,000 பவுண்டை, எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் உள்ளவரை ஆண்டுக்கு 100 பவுண்டு தர வேண்டும். பென்னட் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். லிடியாவின் சாப்பாடு, கைச்செலவு, அம்மா வழியாகப் போகும் பணம் எல்லாம் சேர்த்தால் ஏற்கெனவே அந்த அளவுதான். உண்மையில் ஆண்டுக்கு 10 பவுண்டுகூட நஷ்டமில்லை. மலிவாக முடிந்ததே அவருக்குச் சந்தேகம் தருகிறது. 10,000-க்கு ஒரு காசு குறைந்தாலும் விக்கம் இவளைக் கட்ட முட்டாளா என்கிறார். மிச்சத்தை மறைவில் கொடுத்தது டார்சி: 1,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடன் தீர்ப்பு, லிடியா பெயரில் மேலும் 1,000, ராணுவத்தில் ஒரு பதவி. காலாட்படையில் அடிமட்ட அதிகாரிப் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை அப்போது 400 பவுண்டு. கூட்டினால் 2,400-க்குக் கொஞ்சம் மேலே. பென்னட் பயந்த தொகையில் கால் பங்குதான். காரணம் எளிது. விக்கம் சூதாட்டக் கடனால் படைப்பிரிவை விட்டு ஓடி வந்தவன், பேரம் பேசும் நிலையில் இல்லை. வேறு பணக்காரப் பெண்ணைத் தேட அவனுக்கு அவகாசம் கொடுத்திருந்தால் விலை ஏறியிருக்கும்.

இதே விக்கம் சில மாதங்களுக்கு முன் மேரி கிங் என்ற பெண்ணைச் சுற்றிவந்தான். அவளுக்குத் திடீரென்று 10,000 பவுண்டு வந்து சேர்ந்திருந்தது. எலிசபெத் அப்போது அவன் பக்கம் நின்று, பேராசைக்கும் முன்யோசனைக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று அத்தையை மடக்குகிறாள். பணமில்லாத அவனை நீ கட்டக்கூடாது என்று எச்சரித்த அதே அத்தை, பணமுள்ளவளைத் தேடும் அவனைப் பழிக்கிறாளே என்பது அவள் கேள்வி. நாவல் இதற்கு நேரடி விடை சொல்லவில்லை.

தங்கள் கட்டுரை எலிசபெத்தின் தோழி சார்லட் லூகாஸை 'காசுக்கு விலைபோனவள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. அவளுக்கு 27 வயது, கையில் பணமில்லை, அழகும் இல்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை உடனே ஏற்றுக்கொள்கிறாள். தனக்கு வேண்டியது வசதியான ஒரு வீடு மட்டுமே என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறாள். அவள் தம்பிகளுக்கு, அக்கா கடைசிவரை தங்கள் தலையில் விழுவாளோ என்ற பயம் தீர்கிறது. அவள் அம்மா, பென்னட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று அன்றைக்கே கணக்குப் பார்க்க ஆரம்பிக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சார்லட் செய்திருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். பகலில் தான் உட்கார, அளவிலும் அழகிலும் மேலான சாப்பாட்டு அறையை விட்டுவிட்டுப் பின்பக்க அறையை எடுத்துக்கொள்கிறாள். எலிசபெத்துக்கு முதலில் காரணம் விளங்கவில்லை. அவள் உட்காரும் அறையும் கலகலப்பாக இருந்தால், காலின்ஸ் சாலையைப் பார்த்த தன் அறையை விட்டு அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்வார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்புவதும் அவள்தான். காதலில்லாத கல்யாணத்தை நடத்திச் செல்லும் தொழில்நுட்பம் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும்போது அதை விலைபோவது என்று எப்படிச் சொல்வது?

காதலுக்காக மட்டும் கல்யாணம் செய்தவளைத்தான் ஆஸ்டின் அதிகம் வதைக்கிறார். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814) தொடக்கத்திலேயே மூன்று சகோதரிகள். ஒருத்தி 7,000 பவுண்டு மட்டும் கையில் வைத்துக்கொண்டு சர் தாமஸ் பெர்ட்ரமைப் பிடிக்கிறாள். அந்த இடத்துக்கு இன்னும் 3,000 ஆவது வேண்டியிருந்தது என்று அவளுடைய வக்கீல் மாமாவே ஒப்புக்கொள்கிறார். கடைசித் தங்கை குடும்பத்தை எதிர்த்து, பணமும் செல்வாக்கும் இல்லாத ஒரு கடற்படை வீரர் பிரிவு லெப்டினன்ட்டைக் கட்டிக்கொள்கிறாள். பதினொரு வருஷத்தில் ஒன்பதாவது பிரசவம் நெருங்கும்போது அக்காவுக்கு உதவி கேட்டு எழுதுகிறாள். மறுபுறம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் லூசி ஸ்டீல், நாலு வருஷம் எட்வர்ட் ஃபெரார்ஸுக்கு நிச்சயமாகி இருந்துவிட்டு, சொத்து தம்பிக்குப் போனதும் தம்பியைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ்கிறாள். தண்டனை கிடையாது. நீதிக்கதை எதிர்பார்த்துப் படிப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றமே.

டாஷ்வுட் சகோதரிகளில் மூத்தவள் எலினாரும் இந்த எட்வர்டும் உண்மையான காதலர்கள். அவர்கள் கணக்கு இது: எட்வர்டின் 2,000, எலினாரின் 1,000, இரண்டுக்கும் 5 சதவீதத்தில் 150, டெலஃபோர்டு பாதிரியார் பதவியில் 200. மொத்தம் 350. இந்த 350-இல் வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு இருவருக்கும் காதல் முற்றவில்லை என்று ஆஸ்டின் நமுட்டுச் சிரிப்போடு எழுதுகிறார். எட்வர்டின் அம்மா மனமிரங்கி 10,000 கொடுத்த பிறகே மணமாகிறது. தங்கை மேரியன் பணத்தை மதிக்காதவள். வசதியாக வாழத் தேவையானதை மட்டும் கேட்பவள். அந்தத் 'தேவை' எவ்வளவு என்று அக்கா கேட்டதும், 1,800 அல்லது 2,000 என்கிறாள். ஆயிரமே தனக்குப் பெருஞ்செல்வம் என்று எலினார் சிரிக்கிறாள். பணத்தைப் பற்றிப் பேசவே கூசும் பெண் கேட்ட தொகை, கணக்குப் பார்க்கிறாள் என்று பெயரெடுத்த பெண்ணின் தொகைக்கு இரட்டிப்பு. மேரியன் கடைசியில் கட்டும் கர்னல் பிராண்டனின் ஆண்டு வரவு சரியாக 2,000.

இந்த நாவல்தான் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்துக்கு மூலம் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. மூலத்தில் மேரியனின் காதலன் வில்லபி 50,000 பவுண்டு உள்ள மிஸ் கிரேயைக் கட்டுகிறான். படத்தில் ஸ்ரீகாந்த், நிதி நிறுவனம் திவாலானதும் அமைச்சர் மகளைக் கட்டச் சம்மதிக்கிறான். பவுண்டுக்குப் பதில் சீட்டுப் பணத்தை வைத்தது சரியான மாற்றம். கடன்தான் வில்லபியையும் அந்தப் பக்கம் தள்ளியது.

'பெர்சுவேஷன்' பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. அதை விட்டது பெரிய குறை. 1806-இல் ஆன் எலியட் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வர்த்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, குடும்ப நண்பர் பேச்சைக் கேட்டு மறுக்கிறாள். எட்டு வருஷத்தில் அவர் எதிரிக் கப்பல்களைப் பிடித்த பரிசுப் பணத்தில் 25,000 சேர்த்துத் திரும்புகிறார். அவளுக்குச் சேர வேண்டியதோ 10,000, அதிலும் ஊதாரியான அப்பாவால் இப்போது கொடுக்க முடிந்தது சிறு பகுதி. இங்கே பணம் மாப்பிள்ளை பக்கம் போய்விட்டது. மறுத்தது சரியா தப்பா என்று இருவரும் கடைசியில் நிதானமாக விவாதிக்கிறார்கள். 1808-இல், சில ஆயிரம் பவுண்டு சேர்ந்திருந்தபோது, கடிதம் எழுதியிருந்தால் சம்மதித்திருப்பாயா என்று அவர் கேட்கிறார். ஆமாம் என்ற பொருளில்தான் அவள் பதில். ஆறு வருஷம் வீணானது அவருடைய ரோஷத்தால். கட்டுரையாளர் தேடும் காசு வில்லன் அந்த ஆறு வருஷத்தில் இல்லை.

ஆஸ்டினின் சொந்த வாழ்க்கையைக் காட்டி அவரைக் காதல் கட்சியில் சேர்ப்பதும் அவசரம். 1802 டிசம்பரில் ஒரு பெரிய பண்ணை வாரிசை மணக்கச் சம்மதித்து மறுநாள் காலையிலேயே மறுத்தார் என்பது உண்மை. அன்பில்லாமல் மணப்பதைவிட எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று 1814-இல் அண்ணன் மகளுக்கு எழுதியதும் உண்மை. அதே பெண்ணுக்கு 1817-இல், தனித்திருக்கும் பெண்கள் ஏழையாகிவிடுகிறார்கள், கல்யாணத்துக்கு ஆதரவாக அது வலுவான வாதம் என்று எழுதியவரும் அவரே. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பதிப்புரிமையை அவர் விற்றது 110 பவுண்டுக்கு.

இன்னும் இரண்டு சிறு திருத்தங்கள். லிடியா கல்யாணம் கிரெட்னா கிரீனில் நடந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. நடந்தது லண்டனில் செயின்ட் கிளெமன்ட்ஸ் தேவாலயத்தில், விக்கம் குடியிருந்த அறை அந்தத் தேவாலய எல்லைக்குள் இருந்ததால். அடுத்து, 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் சர் தாமஸின் மகள் மரியா பெர்ட்ரம் வேறொருவனோடு போன பிறகு அவள் கணவன் ரஷ்வர்த் சுலபமாக விவாகரத்து வாங்குவது நம்பும்படி இல்லை என்கிறார் கட்டுரையாளர். 1857-க்கு முன் முழு விவாகரத்துக்கு, திருச்சபை நீதிமன்றம் தாண்டி, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும் என்பது சரிதான். அதற்குத் தேவை மனைவி தவறினாள் என்ற நிரூபணமும் பெரும் பணமும். ரஷ்வர்த்திடம் முதலாவது இருந்தது. இரண்டாவதற்கு ஆண்டுக்கு 12,000 பவுண்டு வரவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.